கணவாய்க்கு அப்பால் நாற்பது நாள்

ஆனி பிறந்துவிட்டால் கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் பக்கம் குடை விரிப்பது வீண்வேலை. மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டிக்கு நாலு கிளிப் மாட்டினாலும், சாயங்காலம் அதைப் பக்கத்துத் தென்னந்தோப்பில்தான் தேட வேண்டியிருக்கும். ஊர்க்காரர்கள் ‘காத்தாடி’ என்று சொல்லும் காற்றாலைகள் ஆவணி முடியும்வரை ஓயாமல் சுற்றும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுப்போயிருக்கிறது. மற்ற இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, மேலேறி, குளிர்ந்து, மழையைக் கொட்டி இளைத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் அது நெருக்கி நுழைந்து, வேகம் கூடி வெளியே வருகிறது. மழையைக் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டுக் காற்றை மட்டும் நமக்கு அனுப்புகிறது என்று கோவைக்காரர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கணவாயைத் தொடுவதற்கு முன்பு இந்தக் காற்று அரபிக்கடலைக் குறுக்கே கடந்து வந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து கேரளக் கரையின் முசிறித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வந்ததும் இதுதான். வந்தவர்கள் தேடியது முதலில் மிளகு. அதோடு கொங்குச் சரக்கும் ஒன்று உண்டு. காங்கயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கடல்நிறப் பெரில் கல் கிடைத்தது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம் என்று பலவகைக் கற்களை மணியாகப் பட்டைதீட்டித் துளையிட்டார்கள். அங்கே நடந்த அகழாய்வுகளில் அந்தப் பட்டறைகளின் கழிவே குவியலாகக் கிடைத்திருக்கிறது. பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். இந்தச் சரக்குகளுக்குப் பதிலாக வந்த ரோமானிய வெள்ளிக்காசுகள் வெள்ளலூரிலும் கரூரிலும் மண்ணுக்குள்ளிருந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.

காசைப் பற்றியும் கல்லைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. நடுவில் இருந்த கடலில் ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்டாலும் புயலும் கொள்ளையரும்தான் கதையில் வருகிறார்கள். வெப்பமண்டலக் கடலில் பாய்மரக் கப்பலில் போகிறவருக்குப் பெரும்பாலான நாட்களில் நடப்பது வேறு: குடிதண்ணீர், சோறு, தூக்கம், காயாத துணி. அந்த நாலும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே இயற்பியலுக்கும் வேதியியலுக்கும்தான் கட்டுப்பட்டவை.

செங்கடல் வாயிலில் இருந்த ஒகெலிஸிலிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்கிறது பிளினியின் கணக்கு. நேர்கோட்டில் அளந்தால் தூரம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் மணிக்கு நாலு கிலோமீட்டர்கூட வராது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழநிக்கு நடப்பவர்களின் வேகம். ஒரு வித்தியாசம், கப்பல் இரவிலும் நடக்கும். காற்று முழு வீச்சில் இருந்தால் இன்னும் சீக்கிரமே போய்விடலாம். ஆனால் அப்படிப்பட்ட காற்றில் மலபார்க் கரையை நெருங்கக் கூடாது. ஆடியில் அந்தக் கரையில் அடிக்கும் அலை, நங்கூரம் போட விடாது. அதனால்தான் ஜூலையில் எகிப்தை விட்டுக் கிளம்பி, காற்று தணியத் தொடங்கும் நேரத்தில் இங்கே வந்து சேருகிற மாதிரி கணக்குப் போட்டார்கள். காற்று வேண்டும், ஆனால் அதன் வால்பகுதிதான் வேண்டும்.

ஏன் என்று பாயைப் பார்த்தால் புரியும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, 100 சதுர மீட்டர் பாயை ஏறக்குறைய முக்கால் டன் எடைக்கு நிகரான விசையோடு தள்ளுகிறது. விசை காற்று வேகத்தின் இருபடியாக ஏறும். காற்று இருமடங்கானால் அது மூன்று டன்னாகிவிடும். (காத்தாடி இறக்கையில் கிடைக்கும் மின்திறன் முப்படியாக ஏறும்; காற்று இருமடங்கானால் எட்டு மடங்கு. உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலைகள் குவிந்ததன் காரணம் அந்த எட்டு.) மூன்று டன்னைத் தாங்க வேண்டியது வெறும் துணி. எனவே மாலுமியின் அன்றாட வேலையில் பாதி, பாயைச் சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும்தான். ரோமானியக் கப்பலின் சதுரப் பாயின் முகத்தில் வரிசை வரிசையாக வளையங்கள் தைத்திருக்கும். அவற்றின் வழியே ஓடும் கயிறுகளைத் தளத்தில் நின்றபடி இழுத்தால் பாய் கீழிருந்து மேலாகச் சுருங்கும். மரத்தில் ஏற வேண்டியதில்லை.

அந்த வளையங்களும் பாய்த்துணியின் கிழிசல்களும் எகிப்தில் பெரெனிகே, மியோஸ் ஹார்மோஸ் ஆகிய துறைமுகக் குப்பைமேடுகளில் கிடைத்திருக்கின்றன. வறண்ட பாலைமண் துணியைக்கூட அழியாமல் வைத்திருந்தது. துணியை ஆராய்ந்த ஜான் பீட்டர் வைல்டு, ஃபெலிசிட்டி வைல்டு இணையர் கண்டது: பருத்தி. அதுவும் இந்தியாவில் நூற்ற பருத்தி. இழை எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்பதை வைத்துச் சொன்னார்கள். கோவை மில்லில் ஒரு ஷிஃப்ட் வேலை பார்த்தவருக்குக்கூட எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்றால் தெரியும். நூலைச் செங்குத்தாகப் பிடித்தால் இழைகள் எந்த எழுத்தின் நடுக்கோட்டைப்போலச் சாய்ந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு. எகிப்தியர் ஆளிச்செடி நாரை நூற்றுப் பழகியவர்கள். ஆளி நார் நனைந்து காயும்போது தானாகவே எஸ் பக்கம் திரும்பும். நூற்பவரும் அதன் போக்கில் போவார். பருத்தி இழைக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது, அதன் திருகல் வழியிலேயே திசை மாறி மாறிப் போகும். இந்தியாவில் கை பழகியது இசட் முறுக்கு. பெரெனிகேயின் பாய்த்துணி இசட். அதன் குறுக்கும் நெடுக்கும் பருத்திப் பட்டைகளைத் தைத்து வலுவூட்டியிருந்தார்கள். மூன்று டன் ஒரே இடத்தில் குவியாமல் பட்டைகளின் வழியே கயிறுகளுக்குப் போய்ச் சேரும் ஏற்பாடு.

இந்தத் துணி எந்த ஊர்த் தறியில் பிறந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கொடுமணலில் தக்களிக் குண்டுகள் கிடைத்திருப்பதை வைத்து ‘எங்கள் ஊர்ப் பாய்’ என்று கொடி பிடிப்பது அவசரம்.

அடுத்தது தண்ணீர். பாய் கிழிந்தால் தைக்கலாம். வெயிலில் கயிறு இழுக்கும் ஓர் ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு நாலு லிட்டராவது வேண்டும். கப்பலில் ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது நாளைக்கு 8,000 லிட்டர், அதாவது எட்டு டன். 26 லிட்டர் கொள்ளும் ரோமானிய மண்சாடிகளில் நிரப்பினால் முந்நூறு சாடி. மிளகு மூட்டைக்குப் போகக்கூடிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீரை அளந்து கொடுப்பவர் யாரோ அவர்தான் கப்பலில் நிஜமான அதிகாரி.

சுற்றிலும் தண்ணீர் இருக்கத் தாகம் ஏன்? ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் உப்பை அந்த அளவுக்குச் செறிவாக்கி வெளியேற்ற முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தால், அதன் உப்பை வெளித்தள்ள ஒன்றரை லிட்டருக்கும் மேல் சிறுநீர் போக வேண்டும். மிச்சத் தண்ணீரை உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுக்கிறது. குடிக்கக் குடிக்க வற்றும்.

மழையை நம்பலாம்தானே என்று தோன்றும். பருவக்காற்றின் தந்திரம் அங்கேதான். அரபிக்கடலின் மேற்குப் பாதியில் ஜூலையில் காற்று பேயாய் அடிக்கும், மழை அபூர்வம். கடல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே வந்து மலபாரை நெருங்கும்போதுதான் மேகம் கனக்கும். தண்ணீர் மிகவும் தேவைப்படும் முதல் பாதியில் வானம் கைவிரிக்கும். மழை கிடைத்துவிட்டால் பாயே ஏந்துபாத்திரம். 20 சதுர மீட்டர் துணியைச் சாய்வாகக் கட்டினால், 25 மில்லிமீட்டர் மழைக்கு 500 லிட்டர் வரை சேரும். முதல் சில நிமிடத் தண்ணீரை மட்டும் கொட்டிவிட வேண்டும். அது பாயில் ஒட்டிய உப்பைக் கழுவிய தண்ணீர். இன்றைக்கும் பாய்ப்படகில் வெப்பமண்டலத்தைச் சுற்றுகிறவர்கள் மழையைக் கண்டால் செய்வது இதைத்தான்.

இப்போது அவர்களிடம் இன்னொரு வழியும் இருக்கிறது, எதிர்ச் சவ்வூடுபரவல், அதாவது ஆர்.ஓ. கடல்நீருக்கும் நன்னீருக்கும் நடுவே சவ்வை வைத்தால் நன்னீர்தான் உப்புப் பக்கம் போகப் பார்க்கும். அந்த இழுவை ஏறக்குறைய 27 வளிமண்டல அழுத்தம். அதற்கு இருமடங்கு அழுத்தத்தில் உப்புப் பக்கத்தைப் பம்பு தள்ளினால், தண்ணீர் மட்டும் திரும்பி வரும். சூரியத் தகட்டு மின்சாரத்தில் ஓடும் சிறு கருவி ஒரு குடும்பத்துக்குப் போதும். கொங்குக்கு இது புதிதல்ல. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே போகாது என்று காட்டித்தான் திறக்க முடிந்தது. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களின் இதயம் இதே சவ்வுதான். சாயநீர் தேங்கிக் கெட்ட ஒரத்துப்பாளையம் அணையும், பெரில் மணி செய்த கொடுமணலும் அதே நொய்யலில்தான், பக்கம் பக்கமாக.

குடிக்கவே அளந்து கொடுக்கும் கப்பலில் குளியலும் துவையலும் கடல்நீரில்தான். சிறுவாணித் தண்ணீரில் சோப்பு வழுக்கிக்கொண்டே இருக்கும், போர்த் தண்ணீரில் நுரையே வராது என்பது கோவையில் எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். போர்த் தண்ணீரைக் கெடுக்கும் கால்சியமும் மக்னீசியமும் கடல்நீரில் பல மடங்கு. லிட்டருக்கு மக்னீசியம் மட்டுமே 1,300 மில்லிகிராம். துவைத்ததோடு தொல்லை முடியாது. கடல்நீரில் அலசிய துணி காய்ந்த மாதிரி தெரியும், சாயங்காலம் மறுபடி ஈரமாகும். சமையலுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். கடல்மேல் காற்று எப்போதும் அதைவிட ஈரமானது. படுக்கை, சட்டை, தலைமுடி எல்லாம் பிசுபிசுத்தபடியே நாற்பது நாள். உரசும் இடத்தில் கொப்புளம் வரும். பயணக்குறிப்பு எழுதியவர்கள் கொள்ளையரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், இந்த அரிப்பைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டார்கள்.

இனி சோறு; முதலில் அதை வைக்கும் பாத்திரம். மியோஸ் ஹார்மோஸ் இருந்த குசேர் அல்-கதீமில் ஒரு பானை ஓடு கிடைத்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சேமிப்புச் சாடி. அதில் தமிழ் பிராமியில் இரண்டு இடத்தில் ‘பானை ஒறி’ என்று கீறியிருக்கிறது. கயிற்று உறியில் தொங்கும் பானை என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அதே ஊரில் கணன், சாதன் என்ற பெயர்கள் எழுதிய ஓடுகளும் உண்டு. ஆக, தமிழர் சிலர் அங்கே வாழ்ந்து புழங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்களைவிட உறிதான் பெரிய செய்தி.

வீட்டில் உறி பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் இருக்கத்தான். கப்பலில் அதன் வேலை வேறு. கப்பல் இருபது பாகை இந்தப் பக்கம் சாய்ந்து, இருபது பாகை அந்தப் பக்கம் சாயும்போது, தரையில் வைத்த சாடி உருளும். தொங்கும் சாடி நேராக நிற்கும். கப்பல்தான் அதைச் சுற்றி ஆடும். ஒரே நிபந்தனை கயிற்றின் நீளம். ஒரு மீட்டர் கயிற்றில் தொங்கும் பானை ஒருமுறை போய்வர இரண்டு விநாடி. அரை மீட்டரானால் 1.4 விநாடி. சரக்கேற்றிய பெரிய கப்பல் ஒருமுறை ஆடி முடிக்க ஆறு, எட்டு விநாடிகூட ஆகும். பானையின் ஊசல் வேகமும் கப்பலின் ஆட்டமும் ஒத்துப்போகாத வரை தண்ணீர் தளும்பாது. சின்னப் படகுக்கு ஆட்டக்காலம் நாலு விநாடி என்றால், அதில் நாலு மீட்டர்க் கயிற்றில் பானையைத் தொங்கவிட்டவர் கெட்டார்: இரண்டும் ஒத்திசைந்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீச்சு பெருகி, பானை சுவரில் மோதி உடையும். குட்டைக் கயிறே பாதுகாப்பு. இன்றைய பாய்ப்படகின் சமையலறையில் எரிவாயு அடுப்பு ஓர் அச்சில் தொங்கும். படகு சாய்ந்தாலும் சாம்பார்ச் சட்டி சாயாது. அது இரும்பில் செய்த உறிதான். தொங்கும் படுக்கையை ஐரோப்பிய மாலுமிகள் கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு கரீபியத் தீவினரிடம் கற்றார்கள். தூளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சட்டியில் என்ன வெந்தது? பெரெனிகே குப்பையில் அரிசி, பச்சைப்பயறு, தேங்காய், நெல்லிக்காய் எல்லாம் கிடைத்திருக்கின்றன. கோயிலொன்றில் ஒரு சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகும் இருந்தது, அது சரக்கு. மற்றவை பெரும்பாலும் ஆள் சாப்பிடக் கொண்டுவந்தவை. நெல்லியும் முளைகட்டிய பயறும் வைட்டமின் சி கொடுக்கும். நீண்ட கடல்பயணத்தில் ஈறு வீங்கி, பழைய காயம் திறந்து சாகடித்த ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் கேட்கும் என்று கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் சோதித்துப் பார்த்தது 1747-ல். அதற்காக நம்மவர்கள் நெல்லியை மருந்தென்று தெரிந்தே கட்டிக்கொண்டு போனார்கள் என்று எழுதிவிடக் கூடாது. ஸ்கர்வி தலைகாட்டவே ஒன்றிரண்டு மாதம் ஆகும். நாற்பது நாள் பயணத்தில் அதற்கு நேரம் போதாது. ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது என்பதே போதுமான காரணம்.

தூக்கத்துக்கு வருவோம். 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற கடற்படைப் பாய்ப்படகு கிளம்பியது. 56 அடி நீளம், இரண்டே பேர்: புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. உலகைச் சுற்றி 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29-ல் திரும்பினார்கள். இரண்டு பேர் படகில் ஒருவர் தூங்கினால் மற்றவர் காவல். எட்டு மாதம், இருவரும் சேர்ந்தாற்போல் நிம்மதியாகத் தூங்குவது துறைமுகத்தில்தான். அதற்கும் முன்பு 2012 நவம்பரில் மும்பையிலிருந்து கிளம்பிய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமிக்கு அந்த வசதியும் இல்லை. 151 நாள், எங்கும் நிற்காமல், தனியாள்.

தனியாள் மாலுமி எவ்வளவு நேரம் தூங்கலாம் என்பதைப் பூமியின் வளைவு தீர்மானிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அடிவானம் ஐந்தரைக் கிலோமீட்டர்தான். எதிரே வரும் சரக்குக் கப்பலின் மேல்தளம் 25 மீட்டர் உயரம் என்றால், அது சுமார் 23 கிலோமீட்டரில் தலைகாட்டும். இரண்டும் நெருங்கும் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் இருக்கலாம். வெறும் அடிவானமாக இருந்த இடத்திலிருந்து அந்த இரும்பு மலை தலைமேல் வந்து நிற்க அரைமணி நேரம். எனவே இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, எழுந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, மறுபடி படுக்க வேண்டும். மனிதத் தூக்கத்தின் ஒரு சுற்று தொண்ணூறு நிமிடம். அது முழுமையாக ஒருநாளும் அமையாது. அருகில் கப்பல் வந்தால் கூவும் மின்கருவிகள் இப்போது இருக்கின்றன. ஆனால் அவை இல்லாத மீன்பிடிப் படகுகளும் கடலில் இருக்கின்றன. முசிறிக் கப்பலில் ஆள் நிறைய, காவல் மாற்றிக்கொள்ளலாம். கொள்ளையருக்கு அஞ்சி வில்லாளிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்கிறார் பிளினி. அவர்களுக்கும் தண்ணீர் வேண்டும் என்பது வேறு விஷயம்.

கரை நெருங்குவது கண்ணுக்குத் தெரியும் முன் பாம்பு சொல்லும். முதல் நூற்றாண்டின் ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்’ என்ற கிரேக்கக் கையேடு, முசிறிக்குத் தெற்கே கரையை அணுகும்போது கருநிறமும் சிவந்த கண்ணும் கொண்ட பாம்புகள் எதிர்ப்படும் என்று மாலுமிகளுக்கு அடையாளம் சொல்கிறது. கடல்பாம்புகளில் பெரும்பாலானவை அடிமட்டத்தில் இரை தேடி, மூச்சுக்கு மேலே வருபவை. ஆழம் குறைந்த கரையோரத்தை விட்டு அதிகம் போகா. பாம்பைக் கண்டால் அடியில் தரை இருக்கிறது என்று அர்த்தம்.

முசிறியில் கப்பல் கரைக்கு வராமல் தள்ளி நிற்கும், சரக்கைச் சிறு படகுகளில் மாற்றுவார்கள். பிறகு காத்திருப்பு. சதுரப் பாய் பெரும்பாலும் காற்று தள்ளும் திசைக்குத்தான் போகும். தாரிணியின் முக்கோணப் பாயும் காத்தாடியின் இறக்கையும் காற்றைக் குறுக்கே வெட்டி, விமான இறக்கையைப்போல் பக்கவாட்டு இழுவையை உண்டாக்குபவை. அதனால் தாரிணி காற்றுக்கு எதிராகவும் கோணல்மாணலாக முன்னேறும். முசிறிக் கப்பலுக்கு அந்த வித்தை போதாது. காற்று திரும்ப வேண்டும். மார்கழியில் திரும்பும். அதையும் கணவாயில் பார்க்கலாம்: ஆடியில் மேற்கிலிருந்து நம்மைத் தள்ளிய அதே சந்தில், டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுப் பக்கம் இறங்கி, அங்கே உதட்டை வெடிக்க வைக்கும்.

இடைப்பட்ட மூன்று மாதம் கிரேக்கர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் பெரிப்ளஸில் இருக்கிறது. முசிறிக்கு இறக்குமதியாகும் பொருள்களில் கோதுமையும் ஒன்று. கப்பல்காரர்களுக்குப் போதுமான அளவு மட்டும், ஏனெனில் உள்ளூர் வணிகர்கள் அதைத் தொடுவதில்லை என்கிறது. அரிசி விளையும் ஊரில் இறங்கிய பிறகும் அவர்களுக்கு ரொட்டிதான் வேண்டியிருந்தது. ஜனவரி 13-க்கு முன் புறப்பட்டாக வேண்டும் என்று பிளினி கெடு சொல்கிறார். கெடு தவறிய கப்பலுக்கு அடுத்த கீழ்க்காற்று மறு டிசம்பரில்தான். அதுவரைக்குமான கோதுமையை யாரும் ஏற்றி வந்திருக்கமாட்டார்கள்.